இங்கிலாந்துக் கிராமத்து முதியவர்களின் சிறுவயது நினைவுகள்: ஆண்டைச் சரிபார்ப்பது எப்படி?

(ஓர் இணையக் குழு உரையாடல். ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

வரப்போரம்:
கிழக்கு இங்கிலாந்தில் ஒரு சின்னக் கிராமம். எண்பத்தைந்து வயது கடந்தவர்களின் சிறுவயது நினைவுகளை ஒலிப்பதிவு செய்து, ஊர் மண்டபத்தில் காட்சிக்கு வைக்க அங்குள்ள வரலாற்றுக் குழு வேலை செய்துகொண்டிருக்கிறது. 1935 முதல் 1955 வரை ஒரு காலவரிசைப் பலகை தயாராக வேண்டும். ஒரே சம்பவத்துக்கு ஆளுக்கொரு ஆண்டு சொல்கிறார்கள். மிட்டாய்க்கு ரேஷன் நீங்கிய நாள் ஒருவருக்கு 1949, இன்னொருவருக்கு 1953. கதவு திறக்க முடியாத பனி ஒருவருக்கு 1940, மற்றவருக்கு 1947. லண்டன் பிள்ளைகள் ஊருக்கு வந்தது இரண்டாம் உலகப் போரின் முதல் வாரம் என்கிறார் ஒரு பெரியவர். இல்லை, போர் முடியும் தறுவாயில் என்கிறார் அவர் தங்கை. எதை நம்புவது, எங்கே போய்ப் பார்ப்பது?

ஏட்டுக்கட்டு:
மூன்றிலும் இரண்டு பக்கமும் சரியாக இருக்க வாய்ப்பு உண்டு. முதலில் அதைப் பாருங்கள்.

மிட்டாய் ரேஷன் 1942 ஜூலை 26-இல் தொடங்கியது. 1949 ஏப்ரல் 24-இல் எடுத்தார்கள். கடைகள் காலியாகிவிட்டதால் அதே ஆண்டு ஆகஸ்ட் 14-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். கடைசியாக நீங்கியது 1953 பிப்ரவரி 5. ஆக, "ரேஷன் நீங்கிய நாள்" என்று இரண்டு நாள் இருக்கிறது. எதைச் சொல்கிறார் என்று கண்டுபிடிக்க, "அந்த வாரம் ஊரில் வேறு என்ன நடந்தது?" என்று கேளுங்கள். உங்கள் பகுதி கிழக்குக் கரைக்குப் பக்கம் என்றால் இன்னும் நல்லது. 1953 ஜனவரி 31 இரவில்தான் வடகடல் வெள்ளம் வந்து இங்கிலாந்தில் முந்நூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். ஐந்தே நாள் கழித்து மிட்டாய் ரேஷன் நீங்கியது. வெள்ளத்தையும் மிட்டாயையும் சேர்த்தே சொல்கிறவர் 1953-ஐத்தான் சொல்கிறார்.

லண்டன் பிள்ளைகள் விஷயம்: குண்டுவீச்சுக்குப் பயந்து நகரப் பிள்ளைகளைக் கிராமங்களுக்கு அனுப்பிய வெளியேற்றம் ஒரே முறை நடந்ததல்ல. 1939 செப்டம்பர் 1 முதல் சில நாட்களில் சுமார் 15 லட்சம் பேர் நகரங்களிலிருந்து அனுப்பப்பட்டார்கள். குண்டு விழாததால் அடுத்த ஜனவரிக்குள் ஏறக்குறைய பாதிப் பேர் வீடு திரும்பிவிட்டார்கள். 1940-இல் இரண்டாம் அலை. அந்த ஆண்டு மே மாதத்திலேயே கிழக்குக் கடலோர ஊர்களில் தங்கியிருந்த பிள்ளைகளை எதிரி இறங்கலாம் என்ற பயத்தில் வேல்ஸ் பக்கம் மாற்றினார்கள். 1944 கோடையில் பறக்கும் குண்டுகள் வந்தபோது மூன்றாம் அலை. அண்ணனும் தங்கையும் வேறு வேறு அலையைப் பார்த்திருக்கலாம். பிரித்தறிய ஒரு கேள்வி உதவும்: பிள்ளைகள் ஆசிரியரோடு மொத்தமாக வந்தார்களா, தாயோடு தனித்தனியாக வந்தார்களா? ஆசிரியரோடு முழுப் பள்ளியாக வந்து மண்டபத்தில் வரிசையாக நின்றது என்றால் பெரும்பாலும் 1939. வீட்டில் வைத்துக்கொண்டவர்களுக்கு அரசு அப்போது வாரம் கொடுத்தது ஒரே பிள்ளை என்றால் 10 ஷில்லிங் 6 பென்ஸ், ஒன்றுக்கு மேல் என்றால் தலைக்கு 8 ஷில்லிங் 6 பென்ஸ். இந்தத் தொகை வீட்டுப் பேச்சில் அடிபட்டிருக்கும். நினைவிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

குளிர்காய்:
பனிக்கு நான் சொல்கிறேன். 1940 ஜனவரி கடும் குளிர். ஆனால் போர்க்காலத் தணிக்கையால் வானிலைச் செய்தியை உடனே அச்சிட அனுமதி இல்லை. பழைய செய்தித்தாளை அந்த வாரத்துக்குத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. "பேப்பரில் இல்லை, அதனால் நடக்கவில்லை" என்று முடிவுகட்டிவிடுவார்கள். இரண்டு மூன்று வார இதழ்கள் தள்ளித் தேட வேண்டும்.

1947-இன் பனி ஜனவரி 22, 23 வாக்கில் தொடங்கி மார்ச் நடுவரை நீடித்தது. பிறகு உருகி, மழையும் சேர்ந்து, ஃபென்ஸ் சதுப்புநிலப் பகுதியில் கரைகள் உடைந்து வயல் முழுக்க வெள்ளம். எனவே "பனி, அதன் பிறகு வெள்ளம்" என்ற வரிசை வந்தால் 1947. ஜெர்மன் கைதிகள் மண்வாரியோடு வந்து பாதை வெட்டினார்கள் என்றாலும் 1947. 1940-இல் அவர்கள் அங்கே இல்லை. ரொட்டிக்கு ரேஷன் இருந்த காலமும் அதுதான்: 1946 ஜூலை முதல் 1948 ஜூலை வரை. போர் நடந்தபோது ரொட்டிக்கு ரேஷனே கிடையாது என்பதைப் பலர் மறந்துவிடுவார்கள். 1962–63 பனியும் இதோடு கலந்துவிடும். அப்போது சொல்பவர் வேலைக்குப் போயிருப்பார். அதனால் "பள்ளி மூடினார்களா?" என்று கேட்டால் அது விலகிவிடும்.

மணிக்கூண்டு:
இன்னும் சில பிடிமானங்கள். என் கணக்கில், ஆண்டைக் கேட்பதைவிட இவை பத்து மடங்கு பயன்படும்.

தேவாலய மணி: 1940 ஜூன் முதல் எதிரி இறங்கினால் மட்டுமே அடிக்க வேண்டும் என்று தடை. 1942 நவம்பர் 15 அன்று எகிப்தில் எல் அலமெய்ன் போரில் கிடைத்த வெற்றிக்காக ஒரு நாள் அடித்தார்கள். 1943-இல்தான் தடை நீங்கியது. "அத்தை கல்யாணத்துக்கு மணி அடித்தது, அது 1941" என்றால் ஆண்டு தப்பு, அல்லது மணி வேறொரு கல்யாணத்துக்கு அடித்தது.

போர்க்கைதிகள்: இத்தாலியர்கள் 1941 நடுப்பகுதியிலிருந்து வயல்களில் தென்படுகிறார்கள். ஜெர்மானியர்கள் பெருமளவில் வயலுக்கு வந்தது 1944-க்குப் பின்தான், 1948 வரை இருந்தார்கள். 1946 கிறிஸ்துமஸுக்குத்தான் அவர்களை வீட்டுக்கு விருந்துக்கு அழைக்க அனுமதி கிடைத்தது. மரத்தில் பொம்மை செதுக்கிக் கொடுத்த ஜெர்மானியர், கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்கு வந்தவர் என்று ஒரே ஆளைச் சொன்னால் 1946 அல்லது 1947.

அடுத்தது, பலரும் மிகைப்படுத்தல் என்று தள்ளிவிடுவது: "இரவு பதினோரு மணிக்கும் வெளிச்சத்தில் வைக்கோல் வாரினோம்." இது உண்மை. 1941 முதல் 1945 வரையும், மறுபடி 1947-இலும், கோடையில் கடிகாரத்தை கிரீன்விச் நேரத்தைவிட இரண்டு மணி முன்னால் வைத்தார்கள். ஜூன் கடைசியில் சூரியன் மறையவே பத்தரை ஆகிவிடும்.

பள்ளிப் பால்: 1934 முதல் மூன்றில் ஒரு பைன்ட் (சுமார் 190 மில்லி) பால் பாட்டில் அரை பென்னிக்குக் கிடைத்தது. 1946 ஆகஸ்ட் முதல் இலவசம். "திங்கள்கிழமை பால்காசு கொண்டுபோவோம்" என்றால் 1946-க்கு முன்.

பள்ளி விட்ட வயது: 1947 ஏப்ரல் வரை 14, பிறகு 15.

வரப்போரம்:
இது மிகவும் உதவுகிறது. பள்ளியின் லாக் புக் (அன்றாட நிகழ்வுக் குறிப்பேடு) இருக்கிறது என்கிறார்கள். அதில் என்ன எதிர்பார்க்கலாம்? நாட்டு மக்களைக் கணக்கெடுத்த 1939 பதிவேட்டில் பிள்ளைகளின் பெயரே காணோமே, ஏன்?

ஏட்டுக்கட்டு:
லாக் புக் 1862-ஆம் ஆண்டு விதிகளோடு கட்டாயமானது. தலைமையாசிரியர் எழுத வேண்டும், சொந்தக் கருத்து எழுதக் கூடாது என்பது விதி. அதனால்தான் அது வறட்சியாக இருக்கும். ஆனால் நாள் துல்லியமாக இருக்கும். தேட வேண்டியவை: மருத்துவ அதிகாரி உத்தரவால் பள்ளி மூடிய நாட்கள் (தட்டம்மை, கக்குவான்), அறுவடை விடுமுறை தொடங்கிய தேதி, வருகை குறைந்ததற்கான காரணம், அடுப்பு புகைந்தது, மை உறைந்தது, மே 24 எம்பயர் டே (பேரரசு நாள்) கொடி வணக்கம், நச்சுவாயு முகமூடிப் பயிற்சி. அறுவடை விடுமுறை நிலையான தேதியில் வராது, பயிரைப் பார்த்துத்தான் அறிவிப்பார்கள். அக்டோபரில் உருளைக்கிழங்கு எடுக்கப் பிள்ளைகள் வராமல் போவது ஆண்டுதோறும் இருக்கும். 1942 முதல் 12 வயது கடந்தவர்களுக்கு ஆண்டுக்கு 20 அரைநாள் வரை வயல்வேலைக்கு விடுப்பு தரவும் சட்டம் இடம் கொடுத்தது. காட்டு ரோஜாக் காய் பறித்தது 1941 முதல். ஆரஞ்சு வராததால் வைட்டமின் சி-க்குப் பாகு காய்ச்ச, ஒரு பவுண்டு எடைக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து வாங்கினார்கள். எத்தனை பவுண்டு அனுப்பினோம் என்று பல தலைமையாசிரியர்கள் லாக் புக்கிலேயே குறித்திருக்கிறார்கள்.

லாக் புக்கைவிட முக்கியமானது சேர்க்கைப் பதிவேடு. பிறந்த தேதி, பெற்றோர் பெயர், முன்பு படித்த பள்ளி, சேர்ந்த நாள், விட்ட நாள் எல்லாம் ஒரே வரியில் இருக்கும். "முன்பு படித்த பள்ளி" என்ற கட்டத்தில் லண்டன் பள்ளிப் பெயர்கள் கொத்தாக வரும் இடத்தைப் பார்த்தால் எந்த அலை என்ற உங்கள் கேள்வி தீர்ந்துவிடும். இரண்டும் கவுண்டி (மாவட்ட) ஆவணக் காப்பகத்தில் இருக்கும், அல்லது பள்ளி அலமாரியிலேயே இருக்கும். உயிரோடு இருப்பவர்கள் விவரம் உள்ளதால் அண்மை நூறாண்டுக்கு உட்பட்டதைக் காட்டக் கட்டுப்பாடு உண்டு. முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். நீங்களே புரட்ட அனுமதி இல்லை என்றால், குறிப்பிட்ட மாதத்தை ஊழியரே பார்த்துச் சொல்வார்களா என்று கேட்கலாம்.

1939 பதிவேடு அந்த ஆண்டு செப்டம்பர் 29-இல் எடுத்தது. பிறந்து நூறு ஆண்டு ஆகாதவர்கள், இறந்தது பதிவாகவில்லை என்றால், விவரம் மறைத்த மூடிய வரியாகவே காட்டப்படுவார்கள். உங்கள் முதியவர்களில் அன்று பிறந்திருந்தவர்கள் பெரும்பாலும் அந்த வகை. மூடிய வரிகளை எண்ணிப் பிள்ளைகள் எத்தனை என்று கணக்கிடாதீர்கள், பெரியவர்களும் சில சமயம் மூடியிருப்பார்கள். இதன் அருமை வேறு: 1931 கணக்கெடுப்பு 1942 டிசம்பரில் தீயில் போய்விட்டது, 1941-இல் கணக்கெடுப்பே நடக்கவில்லை. 1921-க்கும் 1951-க்கும் நடுவே வீடுவாரியாக இருக்கும் ஒரே பட்டியல் இதுதான். பெண்களின் பெயருக்கு மேல் பிற்கால மணப்பெயர் சேர்த்து எழுதியிருக்கும். பதிவேட்டை 1991 வரை சுகாதாரத் துறை பயன்படுத்தியதால் வந்த நன்மை.

கல்தூண்:
ஆவணம் நீதிபதி, முதியவர் சாட்சி என்ற தொனியில் இந்த இழை போகிறது. எனக்கு உடன்பாடில்லை.

லாக் புக்கில் "வருகை திருப்தி" என்று இருக்கும். வருகையைப் பொறுத்து மானியம் கிடைத்த காலத்தில் எழுதப் பழகிய கை அது. பிரம்படி எத்தனை என்பதற்குத் தனிப் பதிவு வைத்தாலும், கன்னத்தில் அறைந்தது அதில் வராது. பிள்ளைக்கு நினைவிருக்கும்.

1941–43 தேசியப் பண்ணைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். 5 ஏக்கரும் அதற்கு மேலும் உள்ள சுமார் 3 லட்சம் பண்ணைகள். லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் எம்.ஏ.எஃப். 32 என்ற தொகுதியில் படிவங்கள், எம்.ஏ.எஃப். 73-இல் வரைபடங்கள். வீட்டுக்குத் தண்ணீர் கிணற்றிலிருந்தா குழாயிலிருந்தா, மின்சாரம் உண்டா, எலி முயல் தொல்லை, எத்தனை குதிரை, எத்தனை டிராக்டர் என்று அத்தனையும் இருக்கும். சிறுவயது நினைவுக்கு இதைவிட நல்ல துணை கிடையாது. ஆனால் அதே படிவத்தில் விவசாயிக்கு ஏ, பி, சி என்று தரம் போட்டிருப்பார்கள். ஏ இல்லை என்றால் காரணமும் எழுத வேண்டும்: முதுமை, முதலீடு இல்லை, அல்லது "தனிப்பட்ட குறைகள்". தரம் போட்டவர்கள் கவுண்டி போர்க்கால விவசாயக் குழுவின் ஆட்கள், பல இடங்களில் அக்கம்பக்கத்து விவசாயிகளே. பழைய பகை அதில் இருக்கலாம். அந்தத் தரத்தை அப்படியே பலகையில் ஒட்டினால், அப்பாவை அன்போடு நினைவுகூர்ந்த மகள் மண்டபத்தில் நின்று அதைப் படிப்பார். தண்ணீர், குதிரை, டிராக்டர் விவரம் எடுங்கள். தரத்தைக் குடும்பத்தைக் கேட்காமல் தொடாதீர்கள்.

ஏட்டுக்கட்டு:
தரம் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் ஆவணத்துக்கு எதிராக நினைவு நிற்கவே முடியாத இடமும் உண்டு. டார்செட்டில் டைனம் கிராமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ராணுவப் பயிற்சிக்காக 1943 டிசம்பரில் ஊரையே காலி செய்தார்கள், திரும்ப விடவேயில்லை. வில்ட்ஷயரின் இம்பர் கிராமத்துக்கும் அதே மாதம் அதே கதி, 47 நாள் அவகாசம். டைனம் பள்ளியைப் பிள்ளைகளின் பெயர் மாட்டிய கொக்கிகளோடு இன்று காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். பார்த்தவர்கள் எல்லாம் 1943 வரை பள்ளி நடந்தது என்றே எண்ணுவார்கள். பிள்ளைகள் போதாமல் அது 1932-லேயே மூடப்பட்டது. 1943-இல் ஊரைவிட்டுப் போன சிறுவர் சிறுமியர் எவரும் அந்த வகுப்பறையில் படித்திருக்க முடியாது, பக்கத்து ஊருக்குத்தான் போயிருப்பார்கள். பிற்காலத்தில் பார்த்த காட்சியகம் பழைய நினைவுக்குள் புகுந்துகொள்ளும். உங்கள் ஊரிலும் முன்பு வெளியான நினைவுப் புத்தகம், பழைய புகைப்படக் கண்காட்சி ஏதாவது இருந்தால் முதலில் அதைப் படியுங்கள். நான்கு பேர் ஒரே வாக்கியத்தில் ஒரே கதையைச் சொன்னால் ஊற்று அதுதான்.

அடுப்படி:
சம்பவங்களை விட்டு வீட்டுக்குள் வாருங்கள். அங்கேதான் நினைவு கெட்டியாக இருக்கிறது. "சிறுவயதைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் எல்லாரும் ஏற்கனவே பத்து முறை சொன்னதையே சொல்வார்கள். "பின்கதவைத் திறந்து உள்ளே வருகிறீர்கள், இடது கையில் என்ன?" என்று கேளுங்கள். செங்கல் கட்டிப் பதித்த காப்பர் கொப்பரை வரும், அடியில் சின்ன அடுப்பு, திங்கள்கிழமை துவைக்கும் துணி, வெள்ளைத் துணிக்கு நீலம் போடும் பை, துணி பிழியும் உருளை. அங்கிருந்து தண்ணீர்: பம்பு யாருடையது, எத்தனை வீட்டுக்கு, கோடையில் வற்றுமா, பனிக்கு வைக்கோல் சுற்றினார்களா, ஒரு நாளைக்கு எத்தனை வாளி, யார் சுமந்தது. இதை ஒரு மைலுக்கு 25 அங்குல அளவில் அரசு நில அளவைத் துறை வரைந்த ஆர்டனன்ஸ் வரைபடத்தோடு ஒத்துப்பாருங்கள். அதில் பம்பையும் கிணற்றையும் அவற்றின் ஆங்கில முதலெழுத்தால் குறித்திருப்பார்கள். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் இங்கிலாந்து வரைபடங்களும் இலவசம்.

கழிப்பறை தோட்டத்துக் கடைசியில், வாளி வைத்தது. வாரம் ஒருமுறை அப்பா பள்ளம் வெட்டிப் புதைப்பார், அடுத்த ஆண்டு அந்த இடத்தில் காய்கறி. எந்தப் பாத்தி என்றுகூடச் சொல்வார்கள். கிணறும் அதே தோட்டத்தில் எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று கேட்கத் தவறாதீர்கள். கிராமத்துக்குக் குழாய்த் தண்ணீரும் சாக்கடையும் கொண்டுவர 1944-இல் சட்டம் வந்ததன் காரணம் அந்தத் தூரத்தில்தான் இருக்கிறது.

மின்சாரம் இல்லாத வீட்டில் ரேடியோ எப்படி என்று இளையவர்கள் நிச்சயம் கேட்பார்கள், அதற்குப் பலகையில் இடம் விடுங்கள். முக்கியமாக இரண்டு மின்கலம் வேண்டும். வால்வின் இழையைச் சூடாக்க 2 வோல்ட் அக்யுமுலேட்டர்: கண்ணாடிப் புட்டி, ஈயத் தகடு, அமிலம், மேலே கைப்பிடி. வாரத்துக்கு ஒருமுறை சைக்கிள் கடையிலோ கராஜிலோ மாற்ற வேண்டும். ஒன்று சார்ஜில், ஒன்று வீட்டில். இரண்டாவது 120 வோல்ட் அளவிலான உலர் மின்கலம், சில மாதம் தாங்கும், விலை அதிகம். அதனால்தான் "செய்திக்கு மட்டும் போடுவார் அப்பா" என்ற நினைவு எல்லா வீட்டிலும் வருகிறது. அக்யுமுலேட்டரைத் தூக்கிவரும் வேலை பிள்ளைகளுடையது. அமிலம் சிந்தி உடுப்பில் ஓட்டை விழும், சில நாள் கழித்துத் துவைக்கும்போதுதான் தெரியும். யாருக்கு அடி விழுந்தது என்று கேளுங்கள், கதை தானாக வரும்.

வீட்டுப் பன்றி அறுப்பு இன்னொரு நல்ல வாசல். குளிர் மாதங்களில் மட்டும், ஏனென்றால் வெயிலில் உப்பு ஏறுவதற்குள் கறி கெட்டுவிடும். கொதிநீர் ஊற்றி மயிரைச் சுரண்டுவது, விலாப்பக்கத்தை உப்பும் வெடியுப்பும் தேய்த்து வைப்பது, மூத்திரப்பையை ஊதிப் பந்தாக்கிப் பிள்ளைகள் உதைப்பது. போர்க்காலத்தில் கூட்டாகப் பன்றி வளர்க்கும் பன்றிச் சங்கம் இருந்ததா, பேக்கன் (உப்பிட்ட பன்றிக்கறி) ரேஷன் கூப்பனைத் திருப்பிக் கொடுத்தார்களா என்று கேட்டால் 1940-க்கு முன்னா பின்னா என்பதும் தெளிவாகும்.

வரப்போரம்:
வயல் பெயர்கள் நிறைய வருகின்றன. வரைபடத்தில் இல்லை.

மணிக்கூண்டு:
ஆர்டனன்ஸ் வரைபடத்தில் வயலுக்கு எண் மட்டும்தான் இருக்கும். பெயருக்கு 1836 சட்டத்தின்படி வரைந்த டைத் (திருச்சபை வரி) வரைபடத்தையும் அதன் பட்டியலையும் சேர்த்துப் பாருங்கள். வரைபடத்தில் எண், பட்டியலில் பெயர், உடைமையாளர், குத்தகைக்காரர், பயிர், பரப்பு. பரப்பு ஏக்கர், ரூட், பெர்ச் கணக்கில் வரும்: 40 பெர்ச் ஒரு ரூட், 4 ரூட் ஒரு ஏக்கர். திருச்சபை வரி முன்பே வேறுவகையில் தீர்க்கப்பட்ட ஊர்களுக்கு இது இருக்காது. அப்போது பொதுநிலத்தைப் பிரித்து வேலியிட்டபோது வரைந்த நிலவளைப்பு வரைபடம், பண்ணை ஏல அறிவிப்பு ஆகியவற்றைப் பாருங்கள். நூறாண்டில் இரண்டு மூன்று வயலை ஒன்றாக்கி வேலியைப் பிடுங்கியிருப்பார்கள். 1946–47-இல் விமானப்படை எடுத்த வான்படங்களில் பழைய வேலிகள் பெரும்பாலும் தெரியும். பழமைச் சின்னங்களைக் கவனிக்கும் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பின் ஆவணகத்தில் கேளுங்கள். படத்தைப் பெரிதாக அச்சிட்டு முதியவர் முன் வைத்து, பென்சிலால் பெயரை அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். பள்ளிக்கு நடந்த வழியையும் கோடு போடச் சொல்லுங்கள்.

அடுப்படி:
ஒலிப்பதிவு பற்றி யாரும் சொல்லவில்லை. வேவ் கோப்பாக, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். ஒற்றைத் தடம் என்றால் ஒரு மணிக்குச் சுமார் 520 மெகாபைட். எம்பி3-இல் மட்டும் எடுத்துவிட்டு நிற்காதீர்கள். சட்டையில் குத்தும் மைக் நல்லது, ஆனால் கம்பளி உடுப்பில் உரசும். சுவர்க்கடிகாரம், ஃபிரிட்ஜ், கிளி மூன்றையும் முதலில் கவனியுங்கள். முதியவர் காதில் பொருத்திய கேட்புக் கருவியின் விசில் சத்தம் பதிவில் ஏறும், சரியாகப் பொருத்தியிருக்கிறதா என்று மென்மையாகக் கேட்கலாம். ஒன்றரை மணிக்கு மேல் போகாதீர்கள். எழுத்தாக்கும்போது அவர்கள் பேச்சு வழக்கைத் திருத்தாதீர்கள்.

ஒப்புதல் படிவம் பதிவன்றே வேண்டும். பிரிட்டனில், பதிவான சொற்களின் பதிப்புரிமை பேசியவருக்கு, பதிவின் உரிமை பதிவு செய்தவருக்கு. இரண்டையும் எழுத்தில் வாங்கவில்லை என்றால், அவர் காலமான பிறகு வாரிசுகளைத் தேடி அலைய நேரும். ஓரல் ஹிஸ்டரி சொசைட்டியின் (வாய்மொழி வரலாற்றுச் சங்கம்) வழிகாட்டுதல்கள் இணையத்தில் உள்ளன. உயிரோடு இருக்கும் மூன்றாமவரைப் பற்றிய குற்றச்சாட்டு வந்தால் அந்தப் பகுதியைக் காட்சிக்கு எடுக்காதீர்கள். மூலப் பதிவை வெட்டவும் வேண்டாம், காப்பகத்தில் காலம் குறித்து மூடிவைக்கலாம்.

வரப்போரம்:
கடைசியாக ஒன்று. ஆவணமும் நினைவும் ஒத்துவராத இடத்தில் பலகையில் என்ன எழுதுவது?

கல்தூண்:
சொன்னவரின் சொல்லை மேற்கோள் குறிக்குள் அப்படியே விடுங்கள், ஆண்டை அதற்குள் திருத்தாதீர்கள். கீழே சிறிய எழுத்தில் ஆவணம் சொல்வதையும் அது எந்த ஆவணம் என்பதையும் எழுதுங்கள். அச்சுக்குப் போகும் முன் அந்தப் பலகையை அவரிடம் நேரில் காட்டுங்கள். பலர் அப்போதுதான் "ஓ, அப்படியென்றால் அது தம்பி பிறந்த பிறகு" என்று இன்னொரு பிடிமானத்தைத் தருவார்கள். அதையும் பதிவு செய்ய ஒலிப்பதிவுக் கருவியை மறக்காமல் கொண்டுபோங்கள்.

ஏட்டுக்கட்டு:
காலவரிசையை ஒரே கோடாகப் போடாமல், உறுதியான தேதி, "இந்த ஆண்டுக்கும் இந்த ஆண்டுக்கும் இடையே", தேதி தெரியாதது என்று மூன்று வரியாகப் பிரித்துவிடுங்கள். இத்தாலியக் கைதி கூடை முடைந்து கொடுத்தது இரண்டாம் வரியில், 1941-க்கும் 1946-க்கும் இடையே. மூன்றாம் வரியின் கீழ் வெற்று அட்டையும் பென்சிலும் வையுங்கள், பார்க்க வருகிறவர்கள் எழுதட்டும். மகளிர் சங்கம் (விமன்ஸ் இன்ஸ்டிட்யூட்) தன் 1965 பொன்விழாவுக்காகப் பல கிராமங்களில் ஊர்த் தொகுப்பேடு தயாரித்தது. உங்கள் ஊர்க்கிளையும் செய்ததா என்று காப்பகத்தில் விசாரியுங்கள். இருந்தால் கடைகள், பேருந்து நேரம், வீட்டு உள்ளமைப்பு எல்லாம் அன்றைய கையெழுத்திலேயே கிடைக்கும்.